பாதிக் கேள்விக்கு முழுப் பதில் எழுதாதீர்கள்

வாசகர் கேள்வி: ஒரு நிறுவனத்தில் டேட்டாபேஸ் நிர்வாகியாக வேலை பார்க்கிறேன். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் என்ற இரண்டு டேட்டாபேஸ் மென்பொருள்களும் பழக்கம். தினமும் இரவு ஒரு மணி நேரம், இணையத்தில் முகம் தெரியாதவர்கள் கேட்கும் டேட்டாபேஸ் சந்தேகங்களுக்குப் பதில் எழுதுகிறேன். இப்போது அலுப்புத் தட்டுகிறது. ‘குவெரி ஸ்லோ, அர்ஜென்ட்’ என்று, எந்தக் குவெரி (டேட்டாவைக் கேட்கும் கட்டளை) என்றுகூடச் சொல்லாமல் ஒரே வரியில் கேட்கிறார்கள். மெனக்கெட்டு எழுதினால் ‘பிரச்சினை அது இல்லை’ என்கிறார்கள், அல்லது காணாமல் போகிறார்கள். கல்லூரி அசைன்மென்ட்டை அப்படியே ஒட்டுகிறார்கள். தப்பான பதிலை ஏற்றுக்கொண்டு சரியானதைத் தள்ளுகிறார்கள். நேற்று ஒருவர் சர்வரில் டிஸ்க் நிறைந்துவிட்டது என்றார். நான் விவரம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே வேறு யாரோ பிஜி_வால் ஃபோல்டரை (போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் எழுதிவைக்கும் ‘வால்’ பதிவுகளின் இடம்) காலி செய்யச் சொல்ல, அவரும் செய்துவிட்டார். இப்போது போஸ்ட்கிரெஸ் எழவே மாட்டேன் என்கிறது, என்ன செய்ய என்று என்னைக் கேட்கிறார். உடன் வேலை பார்ப்பவரோ, காசில்லாத வேலைக்கு ஏன் கண் விழிக்கிறாய் என்கிறார். விட்டுவிடலாமா?

பதில்: சர்வர் எழாமல் தவிப்பவரை முதலில் கவனிப்போம். உங்கள் அலுப்பு ஒரு நாள் பொறுக்கும், அவருடைய டேட்டா பொறுக்காது.

அவருக்கு உடனே எழுத வேண்டியது இது: மறுபடி மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டாம், டேட்டா ஃபோல்டர் முழுவதையும் வேறு டிஸ்க்குக்கு அப்படியே நகல் எடுங்கள். டேபிள்ஸ்பேஸ் (டேபிள்களை வைக்கத் தனியாகக் கொடுத்த இடம்) வெளியே வேறு இடத்தில் இருந்தால் அதுவும் சேர வேண்டும். இனி எந்தச் சோதனையானாலும் நகலின் மேல்தான். அடுத்து மூன்று கேள்விகள். ஸ்டாண்ட்பை சர்வர் (மாற்றங்களைத் தொடர்ந்து பெறும் மாற்று சர்வர்) இருக்கிறதா? இருந்தால் அதை பிரைமரியாக உயர்த்துவதே சுலபமான வழி. வால் ஆர்க்கைவ் (வால் ஃபைல்களின் நகல்) எங்காவது சேமிக்கப்படுகிறதா? அழிந்த ஃபைல்கள் அங்கே கிடைக்கலாம். பேஸ் பேக்கப் (முன்பே எடுத்த முழு நகல்) இருக்கிறதா? இருந்தால் அதிலிருந்து ஆர்க்கைவ் வரை ரீஸ்டோர் செய்யலாம்.

மூன்றுக்கும் ‘இல்லை’ என்று பதில் வந்தால்தான் பிஜி_ரீசெட்வால், அதாவது வால் பதிவைப் புதிதாகத் தொடங்கவைக்கும் கருவி. அதையும் முதலில் ட்ரை-ரன் விருப்பத்தோடு ஓட்டி, என்ன செய்யப்போகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு சர்வர் எழுந்துவிடலாம். ஆனால் பாதியில் நின்ற டிரான்சாக்ஷன்களால் உள்ளே இருப்பது முரணாக இருக்கக்கூடும். எழுந்த கையோடு பிஜி_டம்ப் (டேட்டாவை ஃபைலாக வெளியே எடுக்கும் கருவி) எடுத்து, இனிட்டிபி கொண்டு புதிதாக ஒரு கிளஸ்டர் (போஸ்ட்கிரெஸின் டேட்டா தொகுப்பு) உருவாக்கி, அதில் ஏற்ற வேண்டும். ஏற்றும்போது யுனீக் (ஒரே மதிப்பு இரண்டு முறை வரக்கூடாது), ஃபாரின் கீ (சுட்டப்படும் வரிசை இருக்க வேண்டும்) விதிகளின் பிழைகள் வந்தால், எந்த டேபிளில் முரண் இருக்கிறது என்று அவையே காட்டிவிடும். ‘எழுந்துவிட்டதே’ என்று பழைய கிளஸ்டரையே தொடர்ந்து ஓட்டுபவர்கள்தான் சில வாரம் கழித்து இன்னும் மோசமான கேள்வியோடு வருகிறார்கள்.

மூல காரணத்தையும் அவரைப் பார்க்க வையுங்கள். அந்த ஃபோல்டர் வீங்குவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்: யாரும் படிக்காமல் கைவிட்ட ரெப்ளிகேஷன் ஸ்லாட் (மாற்று சர்வர் படிக்கும்வரை வால் ஃபைல்களைப் பிடித்துவைக்கும் ஏற்பாடு), அல்லது தோற்றுக்கொண்டே இருக்கும் ஆர்க்கைவ் கமாண்ட் (அவற்றை நகலெடுக்கும் கட்டளை). பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸில் ஆக்டிவ் இல்லாத ஸ்லாட் தெரியும், பிஜி_ஸ்டாட்_ஆர்க்கைவரில் தோல்வி எண்ணிக்கை தெரியும். வேண்டாத ஸ்லாட்டை டிராப் செய்தால் அடுத்த செக்பாயிண்ட்டில் (மாற்றங்களை டேட்டா ஃபைல்களில் எழுதி முடிக்கும் புள்ளியில்) போஸ்ட்கிரெஸ் தானே ஃபைல்களை எடுத்துவிடும். டிஸ்க் முழுதாக நிறைந்து சர்வர் நின்றுபோனால், வால்யூமைப் பெரிதாக்கலாம். இல்லையென்றால் சர்வர் நின்ற நிலையில் பிஜி_வால் ஃபோல்டரை முழுதாக வேறு டிஸ்க்குக்கு நகர்த்தி, பழைய இடத்தில் சிம்லிங்க் (புதிய இடத்தைக் காட்டும் சுட்டி) போடலாம். தனித்தனி ஃபைலாக அழிப்பது எந்த நிலையிலும் கூடாது. 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பில் பிஜி_எக்ஸ்லாக் என்ற பழைய பெயரை மாற்றியதே, வெறும் லாக் ஃபைல்தானே என்று பலர் அதை அழித்து வந்ததால்தான். பெயர் மாறியும் வழக்கம் ஒழியவில்லை.

இதிலிருந்து உங்கள் முறையில் ஒரு திருத்தம் செய்துகொள்ளுங்கள். டிஸ்க் நிறைந்தது, சர்வர் எழவில்லை, டேபிள் கெட்டுப்போனது, தவறுதலாக அழித்துவிட்டேன் என்ற வகைக் கேள்விகளில், விவரம் கேட்கும் முன்பே ‘எதையும் அழிக்காதீர்கள், முதலில் நகல் எடுங்கள்’ என்ற வரியை எழுதிவிடுங்கள். விவரம் அதற்குப் பின். மைஎஸ்க்யூஎல்லில், கெட்ட டேட்டாவோடு சர்வரை வலுக்கட்டாயமாக எழுப்பும் இன்னோடிபி ஃபோர்ஸ் ரெகவரி அமைப்பை எடுத்த எடுப்பில் 6 என்று வைக்கச் சொல்லும் பதில்களைப் பார்த்திருப்பீர்கள். 1-இல் தொடங்கி ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். 4-உம் அதற்கு மேலும் டேட்டாவை நிரந்தரமாகக் கெடுத்துவிடக்கூடியவை. மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வரில் சஸ்பெக்ட் (கெட்டிருக்கலாம் என்ற) நிலையில் உள்ள டேட்டாபேஸை டிட்டாச் செய்யக் கூடாது, அதாவது சர்வரிலிருந்து கழற்றக் கூடாது. பேக்கப் இருக்கிறதா என்று கேட்காமல் டேட்டா இழப்பை ஏற்றுப் பழுது பார்க்கும் ‘ரிப்பேர் அலவ் டேட்டா லாஸ்’ பக்கம் யாரையும் அனுப்பக் கூடாது.

இனி அலுப்புக்கு வருவோம். உங்கள் களைப்பில் பெரும்பகுதி, கேள்வி முழுமையாவதற்கு முன்பே பதில் எழுதுவதால் வருகிறது. ‘குவெரி ஸ்லோ’ என்பவருக்கு இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) போடுங்கள், வேக்யூம் (பழைய வரிசைகளைச் சுத்தம் செய்யும் கட்டளை) ஓட்டுங்கள், மெமரியை ஏற்றுங்கள் என்று நாலு யூகம் எழுதினால், நாலும் தவறிப்போக ‘அது இல்லை’ என்ற பதில்தான் திரும்பி வரும். கைவசம் ஒரு குறிப்பை எழுதி வைத்துக்கொண்டு, விவரமில்லாத கேள்விக்கு அதை மட்டும் ஒட்டுங்கள்:

“எந்த டேட்டாபேஸ், எந்த வெர்ஷன்? சம்பந்தப்பட்ட டேபிள்களின் அமைப்பை இண்டெக்ஸ்களோடு அனுப்புங்கள் (மைஎஸ்க்யூஎல் என்றால் ஷோ கிரியேட் டேபிள், போஸ்ட்கிரெஸ் என்றால் பிஎஸ்க்யூஎல்லில் பேக்ஸ்லாஷ் டி). குவெரியைப் படமாக அல்ல, எழுத்தாக ஒட்டுங்கள். எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் கொடுக்கும் பிளானை (குவெரியை டேட்டாபேஸ் ஓட்டிய வழி) முழுதாக ஒட்டுங்கள். ஒவ்வொரு டேபிளிலும் சுமார் எத்தனை வரிசை? இப்போது எத்தனை நொடி ஆகிறது, எத்தனைக்குள் வர வேண்டும்? விடை தப்பாக வருகிறது என்றால், கற்பனையான ஐந்து வரிசை டேட்டாவும் அதற்கு வர வேண்டிய சரியான விடையும்.”

இதோடு ஓர் எச்சரிக்கையும் சேருங்கள். எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் குவெரியை உண்மையிலேயே ஓட்டும். அப்டேட், டெலீட் என்றால் பிகின் போட்டு ஓட்டி, ரோல்பேக் செய்து மாற்றத்தைத் திரும்பப் பெற வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால், உங்கள் பேச்சைக் கேட்டே ஒருவர் டேட்டாவை இழப்பார். மைஎஸ்க்யூஎல்லில் இந்த வசதி 8.0.18-இலிருந்துதான் இருக்கிறது, அதற்கு முந்தைய வெர்ஷன் வைத்திருப்பவர் சாதாரண எக்ஸ்பிளெய்ன் அனுப்பட்டும்.

இந்தக் குறிப்பைப் பார்த்ததும் பாதிப் பேர் போய்விடுவார்கள். போகட்டும். அவர்கள் எழுதிய ஒரு வரிக்கு நீங்கள் செலவழித்தது ஒரு நிமிடம். விவரத்தோடு திரும்பி வருபவர்களுக்குத்தான் உங்கள் ஒரு மணி நேரம்.

பிளான் கையில் வந்தபிறகு யூகத்துக்கு வேலை குறைவு. மதிப்பீட்டு வரிசை எண்ணிக்கையும் உண்மை எண்ணிக்கையும் எங்கே முதலில் பிரிகின்றன என்று உள்ளிருந்து வெளியே பாருங்கள். போஸ்ட்கிரெஸ் பிளானில் ‘ரோஸ் 3, லூப்ஸ் 40,000’ என்றிருந்தால் அது ஒரு சுற்றுக்கு மூன்று, மொத்தம் 1,20,000. நேரமும் அப்படியே: ஒரு சுற்றுக்கு 0.02 மில்லி நொடி என்பது மொத்தத்தில் 800 மில்லி நொடி. இந்தப் பெருக்கலைச் செய்யாமல் ‘இந்த நோட் வேகமாகத்தானே இருக்கிறது’ என்று கடந்துபோய் இல்லாத இடத்தில் தேடுவது, அனுபவம் உள்ளவர்களிடமும் இருக்கிற பழக்கம். ஒரு வரிசை வரும் என்று மதிப்பிட்டு 40,000 வந்திருந்தால், நெஸ்டெட் லூப்பை (ஒரு டேபிளின் ஒவ்வொரு வரிசைக்கும் மற்றதில் தேடும் முறை) பிளானர் (வழியைத் தேரும் பகுதி) தேர்ந்ததற்குக் காரணம் அங்கேதான். டேபிள் மேல், புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்கும் அனலைஸ் கட்டளையை ஓட்டச் சொல்லுங்கள். ஓட்டியும் மாறவில்லை என்றால், ஊர், பின்கோடு போல ஒன்றையொன்று சார்ந்த இரண்டு ஃபீல்டுகள் வேர் (WHERE, நிபந்தனை) பகுதியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிளானர் இரண்டையும் சம்பந்தமில்லாதவையாக நினைத்து விகிதங்களைப் பெருக்கிவிடும். அதற்குத்தான் 10-ஆம் பதிப்பிலிருந்து கிரியேட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இருக்கிறது.

பிளான் வருவதற்கு முன்பே, குவெரியைப் பார்த்த மாத்திரத்தில் பிடிபடும் தவறுகளும் உண்டு. தேதி ஃபீல்டை இயர் ஃபங்ஷனுக்குள் போட்டு 2023-க்குச் சமமா என்று கேட்டால், அந்த ஃபீல்டின் சாதாரண இண்டெக்ஸ் பயன்படாது. 2023 ஜனவரி 1 முதல், 2024 ஜனவரி 1-க்கு முன் வரை என்று எழுத வேண்டும். மைஎஸ்க்யூஎல்லில் மொபைல் எண்ணை வார்ச்சாராக (எழுத்து வகையாக) வைத்துவிட்டு, கோட் குறி இல்லாமல் எண்ணோடு ஒப்பிட்டால் அங்கும் இண்டெக்ஸ் போயிற்று. லெஃப்ட் ஜாயின் (இடது டேபிளின் எல்லா வரிசையையும் வைத்திருக்கும் இணைப்பு) போட்டுவிட்டு வலது டேபிளின் நிபந்தனையை வேர் பகுதியில் எழுதினால், பெரும்பாலும் அது இன்னர் ஜாயினாகவே (இரண்டிலும் பொருந்துபவை மட்டும்) மாறிவிடும்.

தப்பான பதில் ஜெயிப்பதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இதில் வாதம் செய்து பயனில்லை. ஓட்டிப் பார்க்கக்கூடிய சிறிய எதிர் உதாரணம் ஒன்று போதும். ஆர்டரே செய்யாத வாடிக்கையாளர்களைக் கண்டுபிடிக்க நாட் இன் (பட்டியலில் இல்லாதவை) போதும் என்று ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் டேபிளில் 1, 2, 3. ஆர்டர் டேபிளின் வாடிக்கையாளர் ஃபீல்டில் ஒரு 1, ஒரு ‘நல்’ (NULL, மதிப்பே இல்லாத இடம்). நாட் இன் ஒரு வரிசையைக்கூடத் தராது, நாட் எக்ஸிஸ்ட்ஸ் (பொருந்தும் வரிசை இல்லாதவை) 2-ஐயும் 3-ஐயும் தரும். ‘நல்’லோடு ஒப்பிட்டால் உண்மையும் வராது, பொய்யும் வராது, ‘தெரியாது’ என்றே வரும் என்பதுதான் காரணம். டிபி ஃபிடில் போன்ற தளத்தில் இதை ஓட்டி, சுட்டியைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். கேட்டவர் ஏற்காவிட்டாலும், அதே சிக்கலோடு பின்னால் தேடி வருபவர்கள் ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள்.

அசைன்மென்ட்டை அடையாளம் காண்பது கடினமில்லை: எம்ப் (ஊழியர்), டெப்ட் (துறை) டேபிள்கள், இரண்டாவது உயர்ந்த சம்பளம், ‘ஜாயின் பயன்படுத்தாமல்’ என்ற நிபந்தனை. முழு விடையைக் கொடுக்க வேண்டாம், விரட்டவும் வேண்டாம். முயன்றதைக் காட்டச் சொல்லிவிட்டு, ஒரு படி மட்டும் நகர்த்துங்கள். ‘முதல் சம்பளத்தை இரண்டு பேர் வாங்கினால் இரண்டாவது யார்?’ என்று கேட்டாலே போதும். ரோ நம்பருக்கும் (சமமானவர்களுக்கும் வேறு வேறு எண்) டென்ஸ் ரேங்க்குக்கும் (சமமானவர்களுக்கு ஒரே எண்) உள்ள வித்தியாசத்தை அந்த மாணவர் தானே தேடிப் படிக்க வேண்டியதாகிவிடும். பிடித்துக்கொள்ளும் மாணவர்களிடம் நேரம் செலவழிப்பதை நான் வீண் என்று நினைக்கவில்லை.

செயற்கை நுண்ணறிவு எழுதியதைக் கொண்டுவந்து ‘இது ஏன் ஓடவில்லை?’ என்று கேட்பவர்கள் இப்போது தனி வகை. அந்த குவெரியைச் செப்பனிட உட்காராதீர்கள். அதில் மைஎஸ்க்யூஎல் இலக்கணமும் போஸ்ட்கிரெஸ் ஃபங்ஷனும் கலந்திருக்கலாம், இல்லாத ஃபீல்டே இருக்கலாம். டேபிள் அமைப்பையும் வேண்டிய விடையையும் கேட்டு, அங்கிருந்து புதிதாகத் தொடங்குவதுதான் வேகம். நீங்களும் ஓட்டிப் பார்க்காத பதிலை எழுதாதீர்கள். ஓட்ட முடியாத சூழலில், ‘இதை ஓட்டிப் பார்க்கவில்லை’ என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்து, நீங்கள் கேட்காமல் விட்ட ஒரு விஷயம். உதவி செய்யப் போய்ச் சிக்கலில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க இது முக்கியம். கேட்பவர்கள் அவசரத்தில் உண்மையான வாடிக்கையாளர் பெயர், மொபைல், ஆதார் எண்களோடு டேட்டாவை ஒட்டுகிறார்கள். கனெக்ஷன் ஸ்ட்ரிங்கில் (டேட்டாபேஸோடு இணையும் வரி) பாஸ்வேர்டும் இருக்கும். பிளானில்கூட ஃபில்டர் வரியில் அந்த மதிப்புகள் அப்படியே வரும். அதைப் பார்த்தவுடன், நீக்கச் சொல்லுங்கள், பாஸ்வேர்டை மாற்றவும் சொல்லுங்கள், பிறகுதான் கேள்விக்குள் போங்கள். ‘எனிடெஸ்க் ஐடி தருகிறேன், உள்ளே வந்து பாருங்கள்’ என்பவரிடம் மறுத்துவிடுங்கள். கேட்பவர் அந்த நிறுவனத்தின் ஒரு ஊழியர். உங்களை உள்ளே விட அவருக்கு உரிமை இருக்கிறதா என்று உங்களுக்குத் தெரியாது. உரியவரின் அனுமதியில்லாமல் கணினிக்குள் நுழைவதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவு தவறு என்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, கட்டளை அடித்தது உங்கள் கை என்றால், அன்றிரவு வேறு எது கெட்டாலும் கேள்வி உங்களிடம்தான் வரும். தனிச் செய்தியில் பதில் சொல்வதையும் தவிருங்கள். பொதுவில் எழுதினால் உங்கள் பிழையைத் திருத்த யாராவது இருப்பார்கள். உங்கள் அலுவலக நிரல், டேபிள் பெயர் எதுவும் பதிலில் வரக்கூடாது. வேலை ஒப்பந்தத்தில் அறிவுசார் சொத்து பற்றிய பத்தியை ஒருமுறை படித்துப் பார்த்துவிடுங்கள்.

நேரம்: தினமும் ஒரு மணி என்பதைவிட, வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு ஒரு கேள்வி என்று வையுங்கள். ‘புரொடக்ஷன் டவுன்’ என்று இரவு பதினோரு மணிக்கு வரும் கேள்விக்கு முன்னே சொன்ன நகல் வரியையும், காசு கொடுத்து உடனே ஒருவரை அழைக்கச் சொல்லும் வரியையும் எழுதிவிட்டுத் தூங்கப் போகலாம். அடுத்தவர் நிறுவனத்தின் இரவுக் காவல் உங்கள் பொறுப்பு அல்ல.

உங்களுடன் வேலை பார்ப்பவர் சொன்னதற்கு வருகிறேன். காசு இல்லை என்பது உண்மை. மைக்ரோசாஃப்ட் எம்விபி, ஆரக்கிள் ஏஸ் போன்ற அங்கீகாரங்கள் இப்படி உதவுபவர்களுக்குக் கிடைப்பதுண்டு. ஆனால் அவற்றைக் குறிவைத்து எழுதுபவர்கள் எண்ணிக்கைக்காக எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். பலன் வேறு இடத்தில் இருக்கிறது. உங்கள் அலுவலகத்தில் நீங்கள் பார்ப்பது ஒரு வெர்ஷன், ஒரு அளவு, ஒரே வகைப் பழுது. வெளியே கேட்பவர்கள் நூறு வகைப் பழுதைக் கொண்டுவருகிறார்கள். ஓர் உதாரணம்: ஓஎஸ் அப்கிரேடுக்குப் பிறகு யுனீக் இண்டெக்ஸ் இருந்தும் ஒரே பெயர் இரண்டு முறை வருகிறது, தேடினால் இருக்கும் வரிசை அகப்படவில்லை என்று ஒருவர் எழுதுகிறார். 2018-இல் வந்த ஜிலிப்சி 2.28 (லினக்ஸின் அடிப்படை நூலகம்) எழுத்துகளின் வரிசை விதியை மாற்றியது. டெபியன் 10, ரெட் ஹேட் 8 என்ற லினக்ஸ் பதிப்புகளுக்குப் போனவர்களின் டெக்ஸ்ட் இண்டெக்ஸ்கள் அதனால் கெட்டன. ஏஎம்செக் என்ற கருவி கொண்டு இண்டெக்ஸ்களைச் சோதித்து, இரட்டை வரிசைகளை நீக்கி, ரீஇண்டெக்ஸ் செய்ய (மறுபடி உருவாக்க) வேண்டும். இதை ஒருமுறை இன்னொருவருக்காகத் தேடிக் கண்டுபிடித்தவர், தன் அலுவலகத்தில் ஓஎஸ் மாற்றும் நாளில் ரீஇண்டெக்ஸை வேலைப் பட்டியலில் முன்கூட்டியே எழுதிவிடுவார். சம்பளத்துக்கு நேரடியாக உதவும் அறிவு இது.

எழுதிய பதில்களை வெர்ஷன் எண்ணோடு உங்களிடமும் ஒரு ஃபைலில் வையுங்கள். டேட்டாபேஸ் பதில்களுக்கு வயதாகும். ‘வித் (துணைக் குவெரிக்குப் பெயரிடும் பகுதி) போட்டால் போஸ்ட்கிரெஸ் அதைத் தனியாகவே ஓட்டும்’ என்பது 2019-இல் 12-ஆம் பதிப்பு வந்தபோது பொது விதியாக இல்லாமல் போனது. மைஎஸ்க்யூஎல் குவெரி கேஷை (விடைகளைச் சேமித்துவைக்கும் வசதி) எப்படி அமைப்பது என்று எழுதிய அத்தனையும் 8.0-இல் அந்த வசதியையே எடுத்ததும் செத்துப்போனது. பழைய பதிலுக்குத் திரும்பிப் போய் ஒரு வரி சேர்ப்பது, புதிதாக ஒன்று எழுதுவதைவிடப் பல நேரம் அதிகப் பயன் தரும்.

ஆகவே, விட வேண்டாம் என்பதுதான் என் கருத்து. எடுத்துக்கொள்ளும் கேள்விகளை மாற்றுங்கள். குறிப்பாக ஒரு வகைக்கு உங்களைப் போன்றவர்கள் தேவை. தமிழ் எழுத்தை டேட்டாபேஸில் வைப்பது பற்றிய கேள்விகளுக்கு, தமிழ் தெரியாத நிபுணர்கள் சொல்லும் பதில் பெரும்பாலும் பாதியில் நின்றுவிடுகிறது. எஸ்க்யூஎல் சர்வரில் தமிழ் கேள்விக்குறிகளாக விழுந்தால், ஃபீல்டு என்வார்ச்சார் (யூனிகோடு எழுத்து வகை) தானா, மேற்கோளுக்கு முன் ‘N’ என்ற ஆங்கில எழுத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏற்கெனவே கேள்விக்குறியாகப் பதிந்தது திரும்பாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மைஎஸ்க்யூஎல்லின் பழைய யூடிஎஃப்8 எழுத்துக்குறி முறை மூன்று பைட் வரை தாங்கும் என்பதால் தமிழ் உள்ளே போகும், எமோஜி வந்ததும் பிழை வரும்; யூடிஎஃப்8எம்பி4-க்கு மாற வேண்டும். ஆரக்கிளில் ‘கோயம்புத்தூர்’ ஏன் 30 அளவுள்ள வார்ச்சார்2-வில் ஏறவில்லை என்று கேட்பார்கள். நம் கணக்கில் ஏழெழுத்து. யூனிகோடில் அது 13 குறியீடு, குறியீட்டுக்கு மூன்று பைட்டாக 39 பைட். அளவைப் பைட்டில் சொல்லாமல் கேரக்டரில் அறிவித்தால் தீரும். பெயர்ப் பட்டியலில் ‘ன’ ஏன் ‘ப’வுக்கு முன்னால் வருகிறது என்பது இன்னொரு கேள்வி. யூனிகோடு அட்டவணையில் ‘ந’வுக்கு அடுத்து ‘ன’ இருக்கிறது. டேட்டாபேஸ் சி கொலேஷனில் (கொலேஷன் என்பது எழுத்துகளின் வரிசை விதி) ஓடினால் அந்த வரிசையே வரும். போஸ்ட்கிரெஸில் வரிசைப்படுத்தும் ஆர்டர் பை பகுதியில், தமிழுக்கான டிஏ-எக்ஸ்-ஐசியூ கொலேஷனைக் குறிப்பிட்டால் ‘ன’ தன் இடமான கடைசிக்குப் போகும். அந்தப் பட்டியல் அடிக்கடி ஓடும் என்றால், அதே கொலேஷனில் ஓர் இண்டெக்ஸும் போடச் சொல்லுங்கள்.